பல் படம் போட்ட மஞ்சள் பந்து

“நீங்க அடிச்ச பந்து எங்க போச்சுன்னு உங்களுக்கே தெரியலைன்னா, வேற யாருக்கும்மா தெரியும்?”

கோல்ஃப் மைதானத்து அலுவலகத்தில் சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா ஒருமுறை ரொட்டிக்காரியைப் பார்த்து இப்படிக் கேட்டார். அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை. பதில் பக்கத்திலேயே குடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தது.

“எனக்குத் தெரியும் சார். அதுக்குத்தானே நான் கூடவே வர்றேன்,” என்றாள் நாத்தனார், ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரி.

நாத்தனாருக்குப் பந்து போன இடம் தெரியும் என்பது உண்மைதான். அதைச் சொல்லத்தான் தெரியாது. “அண்ணி, அங்க போச்சு” என்பாள். எங்கே என்று கேட்டால், “அதோ, அங்கதான்” என்பாள். இடமா வலமா என்றால், “என் இடமா, உங்க இடமா?” என்று திருப்பிக் கேட்பாள். இத்தனைக்கும் இருவரும் ஒரே திசையைப் பார்த்துத்தான் நின்றிருப்பார்கள்.

ரொட்டிக்காரிக்கு நாற்பத்தெட்டு வயது. ஆறு வருடங்களுக்கு முன்னால் அவள் கண்ணின் நடுப்பகுதி மட்டும் தேயத் தொடங்கியது. ஓரம் பழுதில்லை. எதை நேராகப் பார்த்தாலும் அதன்மேல் ஒரு சாம்பல் புகை வந்து உட்கார்ந்துகொள்ளும். தலையைச் சற்றுத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால் புகை நகர்ந்து பொருள் எட்டிப் பார்க்கும். எதிரே நிற்பவரின் காது தெரியும், மூக்கு தெரியாது. அதனால் யாரையும் அவள் முகத்தை வைத்து அறிவதில்லை. செருப்புச் சத்தம், தொப்பி, இருமல், அவ்வளவுதான் அடையாளம்.

பேக்கரி வேலைக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை. மாவு பதமா என்பதைக் கை சொல்லும். ரொட்டி வெந்ததா என்பதை அடியில் தட்டினால் வரும் சத்தம் சொல்லும். வீட்டில்தான் தொல்லை. சாப்பிட உட்கார்ந்தால் கணவர் அவள் தட்டில் இருப்பதையெல்லாம் நறுக்கி வைத்துவிடுவார். மகள் மாடிப்படி இறங்கும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லுவாள். அந்த வீட்டில் இருபது வருடமாகப் பதிமூன்று படிதான். ராத்திரியோடு ராத்திரியாக ஒன்று குட்டி போடாது. நாத்தனாரோ முழங்கையைப் பிடித்தால் உடும்புப் பிடி. எல்லாம் அன்புதான். அன்பு என்று தெரிவதால்தான் உதறவும் முடிவதில்லை.

மைதானத்துக் கேன்டீனுக்கு அவள் பேக்கரியிலிருந்துதான் ரொட்டி போகும். வேனில் கூடவே வந்து இறக்கிக் கொடுப்பவள், ஒருநாள் பயிற்சித் திடலில் யாரோ சாய்த்து வைத்திருந்த மட்டையை எடுத்துச் சும்மா ஒரு வீசு வீசினாள். மாவு பிசைந்து உரமேறிய தோள். ‘டக்’ என்று ஒரு சத்தம், நன்றாக வெந்த ரொட்டியைத் தட்டின மாதிரி. பந்து எங்கே போனதென்று தெரியவில்லை. நன்றாகப் போனது என்று கை சொன்னது. கேன்டீன்காரர் உள்ளே இருந்து, “யம்மா! கொடிய தாண்டிப் போச்சு!” என்று கத்தினார். அன்றைக்குப் பிடித்தது பித்து.

இப்போது அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். வாரத்தில் ஒரு மத்தியானம், மூன்று மணி நேரம், முழங்கையில் யார் கையும் இல்லாமல் அந்தப் புல்லில் நடக்க வேண்டும். அதற்குத் ‘தனி ஆட்டக்காரர்’ என்று பெயர்ப் பதிவு வேண்டும்.

“கண்ணு சரியில்லைன்னா வரக்கூடாதுன்னு நான் சொல்லலம்மா,” என்று குமாஸ்தா வழி சொன்னார். “முன்பின் தெரியாதவங்களோட மூணு தடவ ஆடுங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க எத்தன அடி அடிச்சீங்கன்னு அட்டைல எழுதறவர், கடைசிக் கட்டத்துல ‘துணையில்லாம ஆடலாம்’னு டிக் போட்டுக் கையெழுத்துப் போடணும். மூணு மாசத்துக்குள்ள மூணு அட்டை. சொந்தக்காரங்க கையெழுத்து செல்லாது.” கடைசி வாக்கியத்தை அவர் குடையைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டு அட்டை வந்துவிட்டது. எப்படி என்று கேட்டால், தந்திரம்தான். கண் விஷயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் இரக்கப்படுவார்கள், இரக்கப்பட்டால் ‘ஆகாது’ என்ற கட்டத்தில் டிக் போடுவார்கள், அதுவும் அவள் நன்மைக்காகவே போடுவார்கள். ஆகவே மற்றவர்கள் பந்தைத் தேடி நடக்கும்போது அரை அடி பின்னால் நடப்பாள். அவரவர் பந்துக்கு அவரவர் போய் நின்றபின், புல்லில் மிச்சம் இருப்பது தன்னுடையது. மஞ்சள் பந்துதான் ஆடுவாள்; புல்லில் ஒரு மஞ்சள் பொட்டு ஓரக்கண்ணில் எப்படியும் தட்டுப்படும். பந்தின்மேல் நாத்தனார் கறுப்பு மையில் மூன்று பட்டைக் கோடு போட்டுக் கொடுத்திருந்தாள். ஆனால் அந்தக் கோடு தெரிய வேண்டுமென்றால் பந்தை மூக்குக்கு நேரே கொண்டுவர வேண்டும். ஆடும்போது கிடக்கிற பந்தைத் தொடக்கூடாது. மண்டியிட்டு முகர்ந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது அட்டைக்கு அன்றுதான் கடைசி நாள்.

நாத்தனாரை வீட்டில் விட்டு வந்திருந்த அவளைக் குமாஸ்தா இரண்டு பேரோடு சேர்த்துவிட்டார். ஒருவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். பெரிய காது, வெள்ளைக் கால்சட்டை, நான்கடி தள்ளி நின்றாலும் கிராம்பு வாசனை. இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வயதிருக்கும் என்று குரல் சொன்னது. வலது ஷூ மட்டும் கீச் கீச் என்றது.

“நான் வாரம் பூரா மேலயும் கீழயும் போயிட்டு வர்றவன்,” என்றார் மெக்கானிக். “லீவு நாள்லயாவது நேரா போகலாம்னு இங்க வர்றேன். பந்துதான் நேரா போக மாட்டேங்குது.”

“அட்டை வேணாமா உங்களுக்கு?” என்றார் குமாஸ்தா.

“நான் அடிக்கறத எழுதினா காகிதத்துக்கு அவமானம் சார்.”

டாக்டருக்கு அட்டை அவசியம் வேண்டும். ஒன்பது குழியையும் ஐம்பது தடவைக்கு மேல் அடிக்காமல் முடித்தால் மூத்தோர் அணியில் இடம். போன தடவை ஐம்பத்தொன்று. அதற்கு முந்தின தடவையும் ஐம்பத்தொன்று. ஆகவே ஏற்பாடு இப்படி ஆயிற்று: டாக்டர் அட்டையை ரொட்டிக்காரி எழுதுவாள், ரொட்டிக்காரி அட்டையை டாக்டர் எழுதுவார்.

முதல் குழிக்கு அடிக்கும் முன் அவரவர் பந்து என்ன என்று சொல்லிவிட வேண்டும் என்பது ஆட்ட வழக்கம்.

“மஞ்சள், மூணு கறுப்புக் கோடு,” என்றாள் ரொட்டிக்காரி.

“அட, நானும் மஞ்சள்தான்!” என்றார் டாக்டர். “ஆனா என் பந்துல சிரிக்கிற பல் படம் இருக்கும். கிளினிக் மூடறப்போ ஞாபகமா இருக்கட்டும்னு நூறு பந்து அச்சடிச்சேன். இது நம்பர் மூணு. பாருங்க, என்ன அழகாச் சிரிக்குது.” பந்தை அவள் முகத்துக்கு எதிரே நீட்டினார்.

புகைக்குள் ஒரு மஞ்சள் மங்கலாக நின்றது. “ஆமாம், ரொம்ப லட்சணமா இருக்கு,” என்றாள் அவள். பல்லைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லி டாக்டர் கேட்டதில்லை போல. உச்சி குளிர்ந்துவிட்டது.

அங்கே தொடங்கியது இன்னொரு வினை. அவள் டாக்டரோடு பேசும்போதெல்லாம் தலையைத் திருப்பி ஓரமாகத்தானே பார்க்க வேண்டும்? டாக்டர் அதைக் கவனித்தார். இந்த வயதில் தன்னை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்க்கிறாள் என்பது அவருக்குப் புது அனுபவம். இரண்டாவது குழியில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார். மூன்றாவதில் தொப்பியைக் கழற்றி, இருக்கிற முடியைச் சமமாகப் பங்கிட்டார். நான்காவதில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அடித்தார். பந்து வாத்து மாதிரி தத்தித் தத்திப் போய்ப் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது.

“டாக்டர், மூச்ச விட்டு அடிங்க,” என்றார் மெக்கானிக். “லிஃப்ட்ல அளவுக்கு மேல ஆள் ஏத்தினா இப்படித்தான் முனகும்.”

ரொட்டிக்காரிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் காதில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ‘டக்’ ஒன்று. ‘சொத்’ இரண்டு. மணலில் ‘புஸ்’ என்றால் மூன்று. டாக்டரின் ஒவ்வொரு அடியையும் சத்தத்தை வைத்தே எண்ணி, தடித்த பேனாவால் எலுமிச்சம்பழம் அளவுக்கு எண் எழுதினாள்.

“எழுத்து ரொம்பப் பெருசா இருக்கே?” என்றார் டாக்டர்.

“சின்னதா எழுதினா நீங்க நல்லா ஆடறது யாருக்கும் தெரியாம போயிடும்,” என்றாள்.

டாக்டர் ஐந்தாவது குழியிலும் வயிற்றை உள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஆறு குழி முடிந்தபோது மானம் மரியாதையோடு மூன்று பேரும் இருந்தார்கள். மெக்கானிக்குக் கொடிக் கம்பத்தைப் பிடிக்கும் வேலையை அவள் நைசாகக் கொடுத்திருந்தாள். “கொஞ்சம் ஆட்டிக்கிட்டே இருங்க தம்பி. எனக்கு அது ராசி.” கம்பம் குழியின் விளிம்பில் தட்டுகிற சத்தத்தை நோக்கி அவள் பந்தைத் தள்ளுவாள். மெக்கானிக்கும் மணி ஆட்டுகிற மாதிரி ஆட்டினார்.

ஏழாவது குழிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

இடப்பக்கம் நெடுகப் புதர். டாக்டர் அடித்த பந்து அந்தப் பக்கம் போயிற்று. எங்கோ மரத்தில் ‘டொக்’ என்று பட்ட சத்தம் அவள் காதில் விழுந்தது. அடுத்து அவள் அடித்தாள். கை, நல்ல அடி என்றது. மெக்கானிக் கடைசியாக அடித்தார். எங்கே போனதென்று அவருக்கே வேண்டாத கதை.

ஆட்டத்தில் பந்து தொலைந்தால் சும்மா விடமாட்டார்கள். ஒரு அடி தண்டம் போட்டு, திரும்பப் போய் முதலில் அடித்த இடத்திலிருந்தே மறுபடி அடிக்கச் சொல்வார்கள். டாக்டருக்கு அது ஐம்பத்தொன்றை நோக்கிப் போகும் பாதை. “நீங்க போய்க்கிட்டே இருங்க, நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லிப் புதருக்குள் நுழைந்தார்.

ரொட்டிக்காரி வழக்கம்போல ஓரக்கண்ணை மேயவிட்டாள். திறந்த புல்லில் ஒரு மஞ்சள் பொட்டு. டாக்டர் புதரில் இருக்கிறார், எனவே இது தன்னுடையது. கணக்கு சரிதான். நின்று, மூச்சை இழுத்து, அடித்தாள். வாழ்நாளில் அப்படி ஓர் அடி அடித்ததில்லை. பந்து குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்லில் போய் இறங்கியது என்று மெக்கானிக் அடித்த சீட்டியிலேயே தெரிந்தது.

அதே நேரத்தில் புதருக்குள்ளிருந்து, “கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு!” என்று டாக்டர் குரல்.

கம்பம் டொக் டொக் என்றது. இரண்டு தள்ளலில் பந்து குழிக்குள் விழுந்தது. மொத்தம் நாலே அடி. ரொட்டிக்காரி குனிந்து குழிக்குள்ளிருந்து பந்தை எடுத்தாள், கைக்குட்டையால் துடைக்கிற மாதிரி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

கோடு இல்லை. இரண்டு கண், ஒரு வாய், கீழே இரண்டு வேர். பல் ஒன்று அவளைப் பார்த்து ஈ என்று இளித்தது. பக்கத்தில் எண் மூன்று.

பந்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள். நாலடி தள்ளி டாக்டர் தன் மஞ்சள் பந்தைக் குழிக்குள் தள்ளி, “அஞ்சு! அஞ்சுதான்! எழுதிக்குங்க!” என்றார்.

ரொட்டிக்காரி பேனாவைத் திறக்கவில்லை. இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் புரிந்தது. டாக்டர் பந்து மரத்தில் பட்டுத் திரும்பி வந்து திறந்த புல்லில் கிடந்திருக்கிறது. அதைத்தான் அவள் அடித்திருக்கிறாள். அப்படியானால் புதருக்குள் டாக்டருக்குக் ‘கிடைத்தது’ அவர் கால்சட்டைப் பையில் இருந்த நூறில் ஒன்று. பாவம் மனிதர். வெளியே வந்து நாலு பக்கம் பார்த்திருந்தால் வெயில் காய்ந்துகொண்டிருந்த பந்தைக் கண்டிருப்பார். கண் நன்றாக இருப்பவர்களுக்குத் தேடுகிற பொறுமை இருக்காது.

விதி அவளுக்கு மனப்பாடம். மாவு பிசையும்போது நாத்தனார் விதிப் புத்தகத்தைக் கொலை வழக்குச் செய்தி வாசிக்கும் குரலில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்தவர் பந்தை அடித்தால் இரண்டு அடி தண்டம். அடுத்த குழிக்கு முதல் அடி அடிப்பதற்குள் ஒப்புக்கொண்டு திரும்பிப் போய்ச் சொந்தப் பந்தை ஆடிவிட வேண்டும். ஆடாவிட்டால் அட்டை செல்லாது.

யாருக்கும் தெரியாவிட்டால் செல்லும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

எட்டாவது குழிக்கு முதல் அடி அடிக்கும் மேடைக்கு நாற்பது தப்படி இருக்கும். அவள் கையில் இருந்த பல், உள்ளங்கை வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. சொன்னால் தன் கண் விஷயம் வெளியே வரும். கூடவே டாக்டரின் புதரும் வெளியே வரும். அவமானப்பட்ட மனுஷன் ‘துணையில்லாம ஆடலாம்’ என்று டிக் போடுவாரா? போட்டால் அது அதிசயம். பேசாமல் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டால் இன்னும் இரண்டே குழி. அடுத்த வாரம் தனியாக வரலாம். முழங்கை காற்றாடும்.

பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அப்போது பார்த்து டாக்டர் அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “கவலையே படாதீங்கம்மா. உங்க அட்டைல நான் அங்கங்க ஒரு அடி குறைச்சுத்தான் போட்டிருக்கேன்,” என்றார்.

“குறைச்சா? ஏன்?”

“இருக்கட்டுமே. நீங்க என்ன அணிக்கா போகப் போறீங்க? ஏதோ ஆசைக்கு ஆடறீங்க. மூணாவதுல ஏழு அடிச்சீங்க, ஆறுன்னு போட்டேன். அஞ்சாவதுலயும் ஒண்ணு தள்ளிட்டேன்.”

சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நறுக்கி வைத்த தட்டு, எண்ணிச் சொன்ன படி. அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“ஏழுன்னா ஏழுன்னே போடுங்க டாக்டர்,” என்றாள். நின்றுவிட்டாள். “ஏழாவது குழில நாலு போட்டிருப்பீங்க, அதையும் அடிச்சிடுங்க. நான் அடிச்சது என் பந்தே இல்ல.”

கீச் கீச் சத்தம் நின்றது. “என்னக்கா சொல்றீங்க?” என்றார் மெக்கானிக்.

“எனக்கு நேரா பாத்தா எதுவும் தெரியாது தம்பி. நடுவுல புகை. ஓரமாத்தான் தெரியும். மஞ்சளா இருந்துச்சு, அடிச்சிட்டேன்.”

“அதான் ஓரக்கண்ணால…” என்று தொடங்கிய டாக்டர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். கட்டிக் காத்த வயிறு மெல்ல வெளியே வந்தது.

“அப்ப நீங்க அடிச்சது யார் பந்து?” என்றார் மெக்கானிக்.

அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

மெக்கானிக் ஒரு கோளாறான பொறியைப் பார்க்கிற நிதானத்தோடு அந்தப் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சிரிக்கிற பல்லு. நம்பர் மூணு.” பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். “டாக்டர் பந்து அக்கா கையில இருந்தா, டாக்டர் கையில இருக்கறது யார் பந்து?”

“போன வாரம் இங்கதான் ரெண்டு தொலைச்சேன்,” என்றார் டாக்டர் அவசரமாக. “அதுல ஒண்ணா இருக்கும் அது. எல்லாத்துலயும் பல்லுதானே போட்டிருக்கு?”

“நம்பர்?”

“நூறு பந்துக்கு எண்ணு ஒண்ணுலேந்து நாலு வரைக்கும்தான். மூணு எத்தனையோ இருக்கும்.”

“சரி, உங்க கையில இருக்கறது என்ன நம்பர்?”

டாக்டர் கையில் இருந்தது கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. அங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட சத்தம் ரொட்டிக்காரிக்கு நன்றாகவே கேட்டது. குறைந்தது மூன்றாவது இருக்கும்.

“அது அவர் பாடு, விடுங்க தம்பி,” என்றாள். “நான் திரும்பிப் போய் என் பந்த ஆடணும். அது எங்க விழுந்துச்சுன்னு பாத்தீங்களா?”

“பாத்தேனே! புல்லுல நல்லா தெரியற மாதிரிதான் கிடந்துச்சு. நீங்க அதைத் தாண்டிக்கிட்டு வந்தீங்க. தாண்டறதும் ஏதோ ராசின்னு நினைச்சேன். கம்பத்த ஆட்டச் சொன்ன ஆளாச்சே!”

மெக்கானிக் முன்னால் நடந்தார். வேண்டுமென்றே வலது காலை அழுத்தி வைத்து நடந்தார். கீச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். அவர் அவள் முழங்கையைத் தொடவில்லை. இந்த முறை அவள் மண்டியிட்டாள், முகத்தைப் புல் வரைக்கும் இறக்கினாள், மூன்று கோட்டையும் பார்த்தாள். எழுந்து அடித்தாள். சுமாரான அடி. பிறகு இன்னொன்று, இன்னொன்று, கடைசியாக இன்னொன்று. தண்டத்தோடு ஏழு. நாலு எங்கே, ஏழு எங்கே!

டாக்டர் எட்டாவது மேடையில் தனியாக, கொடி இல்லாத கம்பம் மாதிரி நின்றிருந்தார். அடுத்த இரண்டு குழியிலும் அவர் பேசியது மொத்தமே “உங்க முறை” என்ற இரண்டு வார்த்தைதான். ஆட்டம் மட்டும் பிரமாதம். வயிற்றைப் பற்றிய கவலை விட்டதாலோ என்னவோ, எட்டாவதில் ஐந்து, ஒன்பதாவதில் நாலு.

ஒன்பதாவது குழியிலிருந்து அலுவலகத்துக்குச் சரளைக்கல் பாதை. மெக்கானிக் ஷூவில் புகுந்த கல்லை எடுக்கப் பின்தங்கினார். டாக்டர் அந்தச் சமயத்துக்குத்தான் காத்திருந்தார்.

“ஏழாவதுல எனக்கு அஞ்சுன்னு எழுதிட்டீங்கல்ல?”

“இன்னும் ஒண்ணும் எழுதல.”

காலடியில் சரளைக்கல் நறநறத்தது. “உங்க அட்டைல கடைசியா ஒரு கட்டம் இருக்கு,” என்றார் டாக்டர். மருந்து போடாமல் பல்லைத் தொடுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். “அதுல நானும் இன்னும் ஒண்ணும் எழுதல.”

அவள் காது சிவந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவளிடம் இரக்கம் காட்டாமல் பேரம் பேசுகிறார். ஒரு பக்கம் பயமாக இருந்தது. இன்னொரு பக்கம், சொல்ல வெட்கம், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அலுவலகத்தில் நீள மேசை, கட்டையில் கட்டின பேனா, முத்திரை வைக்கும் மைப்பெட்டி. குமாஸ்தா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, “ஆட்டம் எப்படி?” என்றார். மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்று ஷூவை ஆராய்ந்தார்.

ரொட்டிக்காரி டாக்டர் அட்டையை மேசைமேல் வைத்தாள். எட்டுக் கட்டத்தில் எலுமிச்சம்பழ எண்கள். ஏழாவது வெறுமை.

“இதென்ன, ஒண்ணு விட்டுப் போச்சே?” என்றார் குமாஸ்தா.

“விட்டுப் போகல சார். அந்தக் குழில புதருக்குள்ள டாக்டர் ஆடினத நான் பாக்கல. அதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது.”

“பாத்ததுக்கு மட்டும்தான் கையெழுத்துன்னா அக்கா யாருக்குமே போட முடியாதே!” என்றார் சுவர்ப்பக்கத்திலிருந்து மெக்கானிக்.

“காதால கேட்டதுக்குப் போடுவேன் தம்பி. எட்டுக் குழிக்குக் கேட்டேன், எழுதியிருக்கேன். ஒரு அடி கூடவும் இல்ல, குறையவும் இல்ல.” பிறகு டாக்டர் இருந்த திசையில் திரும்பி, வேண்டுமென்றே தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் அவரை முழுதாகப் பார்த்தாள். வியர்த்த காது, கோணலான தொப்பி, சட்டை முன்பக்கம் வெளியே வந்திருந்தது. “எட்டாவதும் ஒன்பதாவதும் நல்லா ஆடினீங்க டாக்டர். ஏழாவதுல எத்தனைன்னு நீங்களே சார்கிட்ட சொல்லுங்க. சொன்னா எழுதிடறேன்.”

குமாஸ்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடக்கிறதென்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் ஏதோ நடக்கிறது என்பது புரிந்தது. “முதல்ல இந்தம்மா அட்டைய முடிச்சுக் குடுங்க டாக்டர்,” என்றார். “கடைசிக் கட்டம். ஆடலாம்னா மேல டிக், ஆகாதுன்னா கீழ டிக். இன்னிக்குத்தான் கடைசி நாள், பதிவேட்ட மூடணும்.”

டாக்டர் கட்டையில் கட்டின பேனாவை எடுத்தார். கயிறு மேசை விளிம்பில் உரசியது. பேனா காகிதத்தில் படவில்லை. மெக்கானிக் ஷூவை ஆராய்வதை நிறுத்திவிட்டார். ரொட்டிக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். காகிதத்தில் ஒரு கோடு குறுக்கே இழுக்கிற சத்தம். பின்னர் ஓர் எண். மறுபடி ஒரு கோடு, ஓர் எண். அடித்து எழுதுகிறார். எதை அடிக்கிறார், எதை எழுதுகிறார் என்பதைக் காது சொல்லவில்லை. அதற்கப்புறம் குறுகலாக ஒரு கீறல். கடைசியில் நீளமாக, வளைந்து வளைந்து, டாக்டர்களுக்கே உரிய ஒரு கிறுக்கல்.

அட்டை மேசைமேல் வழுக்கி அவள் விரலைத் தொட்டது.

அவள் யாரைப் பற்றியும் யோசிக்காமல் அதை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்து, தலையைச் சாய்த்தாள். மை இன்னும் காயவில்லை. மூன்றாவது குழியில் ஆறை அடித்து ஏழு. ஐந்தாவதிலும் ஒன்று கூட்டி எழுதியிருந்தது. ஏழாவதில் ஏழு. கீழே இறங்கினாள். கீழ்க்கட்டம் காலி. மேல்கட்டத்தில் டிக், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

“டாக்டர்…” என்று நிமிர்ந்தாள்.

டாக்டர் ஏழாவது கட்டம் காலியாக இருந்த தன் அட்டையை எடுத்து நான்காக மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பந்துகள் இருந்த பைக்குள் போட்டார்.

“உங்க அட்டைய குடுக்கலையா டாக்டர்?” என்றார் குமாஸ்தா.

தொப்பியை நேராக வைத்துக்கொண்டு, மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கால்சட்டைப் பைக்குள் பற்களெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக் கடகடக்க, அவர் கதவைத் தள்ளித் திறந்து வெளியே போனார்.